மேட்டில் விரித்த கம்பளிகள்

மண்பாதையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும் வில்காலா ஸ்பீட்வே மைதானத்துக்கு ஏன் கூட்டம் வருவதில்லை என்பதற்கு அந்தச் சீசனில் எங்கள் ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். டிக்கெட் விலை அதிகம் என்றார்கள். சத்தம் போதவில்லை என்றார்கள். வண்டிகளுக்கு சைலன்சர் மாட்டச் சொன்ன அன்றே பந்தயம் செத்துவிட்டது என்று வாதிட ஒரு கட்சியே இருந்தது. கோதுமை விலை, செல்ஃபோன், சனிக்கிழமை மாலையில் பிரார்த்தனை வைக்கும் புதுப் பாதிரியார் என்று குற்றவாளிகள் பெருகிக்கொண்டே போனார்கள். கேன்டீனில் சாசேஜுக்கு வெங்காயம் குறைத்துப் போடுகிறார்கள் என்பது ரசிகர் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாகவே வந்து ஒருமனதாக நிறைவேறியது. மறுவாரம் வெங்காயம் கூடியது. கூட்டம் கூடவில்லை.

மைதானத்தை நடத்தி வந்தவர் கிளெனிஸ் நோஸ்கே. வாரநாட்களில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவார், சனிக்கிழமைகளில் பந்தயம் நடத்துவார். இரண்டாவது வளைவுக்குப் பின்னால், மைதான எல்லைக்குள்ளேயே இருக்கும் தகரக் கூரை வீட்டில்தான் அவர் குடியிருந்தார். நிலம் நகர மன்றத்துடையது. குத்தகை இருக்கும்வரை மைதானம் நடத்துபவருக்கு அந்த வீடு. குத்தகை போனால் வீடும் போகும். கணவர் இறந்த பிறகு அவருக்கு வேறு வீடும் இல்லை, வேறு வீட்டில் வாழும் விருப்பமும் இல்லை.

நகர மன்றம் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டது. அந்த இடத்தில் சூரிய மின்தகடுகள் பரப்ப ஒரு நிறுவனம் காத்திருக்கிறது. மார்ச் மாதம் நடக்கும் கடைசிப் பந்தயத்துக்கு மன்ற உறுப்பினர் ஹார்ட்லி ஸ்வார் நேரில் வருவார். பார்வையாளர்கள் உட்காரும் புல்மேட்டில் பாதிக்கு மேல் ஆள் இருந்தால் குத்தகை நீளும். இல்லாவிட்டால் மின்தகடுதான். ஹார்ட்லி தானியக் கிடங்கில் பல காலம் எடை பார்த்தவர். வீட்டில் மனைவி போடும் காப்பிச் சர்க்கரையைக்கூட எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார் என்று ஊரில் பேச்சு.

கிளெனிஸ் அடிலெய்டிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார். பெயர் டேமியன். வந்த முதல் சனிக்கிழமை வெள்ளைச் சட்டையோடு முதல் வளைவின் வேலியோரம் நின்று பந்தயம் பார்த்து, மண் நிறச் சட்டையோடு திரும்பினார். அதற்குப் பிறகு அவர் ஒலிபெருக்கி அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரவேயில்லை. அங்கிருந்தபடியே அவருக்கு முதல் யோசனை உதித்தது. பந்தயம் கண்டுபிடித்த நாளிலிருந்து இவர்கள் இடதுபக்கமாகவே சுற்றுகிறார்கள், பார்ப்பவர்களுக்குச் சலிக்காதா? ஒரு முறை வலதுபக்கம் சுற்றட்டும்.

ஸ்பீட்வே வண்டிக்கு பிரேக் கிடையாது. ஒரே கியர். இடதுபுறம் சரிந்து, பின்சக்கரம் வழுக்க, மண்ணை வாரி இறைத்துக்கொண்டு வளைவதற்கென்றே பிறந்தது அது. ஓட்டுகிறவர்களும் நாளடைவில் அப்படியே ஆகிவிடுகிறார்கள். அந்தச் சீசனில் முன்னணியில் இருந்த டாரில் கெர்பர் விஷயத்தைக் கேட்டுவிட்டு நிதானமாகப் பதில் சொன்னான்.

"வலது பக்கமா? கடைத்தெருவுக்கே நான் மூணு தடவை இடது பக்கம் திரும்பித்தான் போறேன்."

ஆனாலும் ஓட்டினார்கள். தொடக்கக் கோட்டில் நாடா மேலே பறந்ததும் நால்வரும் நேராகப் போனார்கள். வளைவு வந்தது. அவர்கள் வளையவில்லை. ஒருவர் வேலியைச் சாய்த்துக்கொண்டு போய் கிளெனிஸின் தக்காளிப் பாத்தியில் நின்றார். இருவர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். டாரில் திறந்திருந்த வாசல் வழியாக நெடுஞ்சாலைக்கே போய்விட்டான். திரும்பி வரும்போது பெட்ரோல் பங்க்கில் ஒரு மூட்டை ஐஸ் வாங்கி வந்தான். கேன்டீனில் ஐஸ் தீர்ந்துபோனது அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

அடுத்து இடைவேளையில் செம்மறியாடுகளை ஓடவிட்டார்கள். அவை யாரும் சொல்லாமலே இடதுபக்கம் சுற்றின. அதற்கு அடுத்த வாரம் தொடக்கக் கோட்டில் ஒரு கல்யாணம் நடத்தினார்கள். மோதிரம் மாற்றியதும் மணமக்களைக் கௌரவிக்க நான்கு வண்டிகள் சுற்றிவந்தன. மணப்பெண் முதல் வளைவுக்கு அருகில் நின்றிருந்தது யாருடைய ஏற்பாடு என்று இன்றுவரை தெரியவில்லை. பெண்வீட்டார் கிளெனிஸுடன் பேசுவதில்லை.

இதில் விசித்திரம் என்னவென்றால், டிக்கெட் விற்றது. முன்வாசலில் கிளெனிஸ்தான் உட்கார்ந்து டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பக்கத்து ஊரான கூரண்டியிலிருந்து, அதைத் தாண்டியும்கூட, குடும்பம் குடும்பமாகக் கார்களில் வந்தார்கள். குழந்தைகள், மடக்கு நாற்காலி, ஐஸ்பெட்டி எல்லாம் இருந்தன. ஆனால் மூன்றாவது பந்தயத்துக்கு வாசலைச் சாத்திவிட்டு அவர் உள்ளே வந்து பார்த்தால், வேலியில் சாய்ந்து நிற்கும் வழக்கமான முகங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

ஒரு சனிக்கிழமை அவர் மைதானத்தைச் சுற்றி நடந்து பின்வாசலுக்குப் போனார். அங்கே காவல் அவருடைய அண்ணன் மெர்வ். நாற்காலியில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.

"மெர்வ், இந்தப் பக்கமா யாராவது வெளிய போனாங்களா?"

"எல்லாரும் போனாங்க."

"எப்ப?"

"வந்த உடனே."

"ஏன் போறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலையா நீ?"

"எதுக்குக் கேக்கணும்? வெளிய போற வண்டிக்குக் கதவத் திறந்து விடறது என் வேலை. நான் கையாட்டினேன், அவங்களும் கையாட்டினாங்க. மரியாதை தெரிஞ்ச ஜனங்க."

"இந்த சீசன் பூராவுமா?"

மெர்வ் சற்று யோசித்து, போன சீசனும்தான் என்றார்.

அப்போது ஒரு கார் வந்தது. கூரண்டிக்காரப் பெண், பின்சீட்டில் இரண்டு குழந்தைகள். கிளெனிஸ் குறுக்கே போய் நின்றார். அந்தப் பெண்ணுக்குச் சொல்லவே சங்கடமாக இருந்தது. ஒரு குறையும் இல்லை, சாசேஜ் பிரமாதம், வெங்காயமும் தாராளம் என்றாள். பிறகு, "உக்காரத்தான் இடமில்லை. மேடு பூரா ஆளுங்க இடம் பிடிச்சு வச்சிருக்காங்களே. அடுத்த தடவை சீக்கிரமா வர்றோம்" என்றாள்.

கிளெனிஸ் திரும்பி மேட்டைப் பார்த்தார். மேட்டில் ஓர் ஆள்கூட இல்லை. மேடு முழுக்கக் கம்பளிகள் இருந்தன.

சனிக்கிழமை காலையிலேயே வந்து, கட்டம் போட்ட கம்பளியை மேட்டில் விரித்து, நான்கு மூலையிலும் ஆணி அடித்து இடம் பிடித்துவிட்டுப் போவது வில்காலாவின் வழக்கம். விரித்த கம்பளியை இன்னொருவர் தொடமாட்டார். பக்கத்துக் கம்பளியின் ஓரத்தை மடக்கிவிட்ட ஒருவர் கடைசியில் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கே குடிபெயர வேண்டி வந்தது. நாங்கள் எல்லோரும் வாராவாரம் அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். கம்பளி கிடந்தால் அதன்மேல் ஆள் இருப்பதாகத்தான் எங்கள் கண்ணுக்குப் பழக்கம். கூட்டம் வரவில்லை என்று நாங்கள் சொன்னதெல்லாம் கம்பளிக்காரர்கள் வரவில்லை என்றுதான். அந்த இடத்தில் வேறு யாராவது உட்காரலாம் என்பது ஒருவர் மூளையிலும் உதிக்கவில்லை.

அந்த வாரம் கிளெனிஸ் பேருந்தை நிறுத்திவிட்டு வீடுவீடாக ஏறி இறங்கினார். கம்பளிக்காரர்களில் பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. ராஸ் கூக்கல் தூர மாநிலமான குவீன்ஸ்லாந்தில் குடியேறிப் பல வருடம் ஆகியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி பீர் அனுப்பி ஆள் வைத்துக் கம்பளி விரித்துவந்தார். அந்த ஆள் மெர்வ். விசாரித்ததில் மெர்வ் அப்படிப் பல குடும்பங்களுக்கு விரித்துக்கொண்டிருந்தார். தங்கையிடம் சொல்லும் அளவுக்கு அதை ஒரு செய்தியாக அவர் நினைக்கவில்லை. ஒரு நீலக் கம்பளி யாருடையது என்றே தெரியவில்லை. ஆனாலும் வாரம் தவறாமல் யாரோ அதை விரித்தார்கள். உரியவர் ஒருநாள் வந்து இடமில்லாமல் நின்றால் நன்றாக இருக்காது அல்லவா?

ஐவி ஆரன்ஸ் விதவை. சனிக்கிழமை காலை தானே போய்க் கம்பளி விரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து தொலைக்காட்சி பார்ப்பவர். கிளெனிஸுக்குத் தேநீரும் கேக்கும் கொடுத்தார்.

"ஐவி, இந்த சனிக்கிழமை மட்டும் அந்தக் கம்பளிய எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துட்டா என் வீட்டுக்காரர் செஸ் எங்க உக்காருவாரு?"

"செஸ் போய்ச் சேர்ந்துதான் எவ்வளவோ காலமாச்சே."

"போயிட்டாரு, சரி. அதுக்காக இடத்தையும் பிடுங்கிக்கிறதா?"

ரசிகர் சங்கம் கூடியது. கம்பளிகளைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று டேமியன் சொன்னார்.  யாரோ எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்கள். வாக்கெடுப்பில் தீர்மானம் தோற்றது. அதை எதிர்த்து வாக்களித்தவர்களில் கிளெனிஸும் ஒருவர். வீடு போய்விடும் என்று தெரிந்தும் கை தானாக உயர்ந்துவிட்டது என்று பிறகு சொன்னார். டேமியன் மறுநாள் காலை அடிலெய்டுக்குப் போய்விட்டார்.

கடைசிப் பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கிளெனிஸ் உள்ளூர்ப் பத்திரிகையில் ஓர் அறிவிப்புப் போட்டார். எந்தக் கம்பளியும் நகர்த்தப்படாது. ஆனால் முதல் பந்தயம் தொடங்கும்போது ஆளில்லாமல் கிடக்கும் கம்பளிகளில் கூரண்டியிலிருந்து வரும் விருந்தினர்கள் உட்கார வைக்கப்படுவார்கள். அவ்வளவுதான்.

கூரண்டிக்காரர்களோடு எங்களுக்குப் பகை என்று சொல்ல முடியாது. கால்பந்தில் அவர்கள் அழுகுணி ஆட்டம் ஆடுவார்கள், ரொட்டியில் வெண்ணெயைக் கஞ்சத்தனமாகத் தடவுவார்கள், அவ்வளவே. ஆனால் அவர்கள் கம்பளிமேல் செருப்போடு உட்காருவார்கள் என்று இரண்டே நாளில் ஒரு பேச்சு கிளம்பி மாநில எல்லையைத் தாண்டிவிட்டது. வியாழக்கிழமை ராஸ் கூக்கல் குவீன்ஸ்லாந்திலிருந்து கூப்பிட்டார்.

"கிளெனிஸ், என் கம்பளி மேல கூரண்டிக்காரன் உக்காருவானா?"

"நீ இல்லன்னா உக்காருவான் ராஸ்."

"அது எங்கம்மா வச்சிருந்த கம்பளி."

"அப்ப நீயே வந்து உக்காரேன்."

 ராஸ், தனக்குப் பதிலாக மெர்வ் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ள மாட்டாரா என்று கேட்டார். ஓர் ஆள் ஒரு கம்பளியில்தான் உட்கார முடியும் என்று கிளெனிஸ் சொல்லிவிட்டார்.

கடைசிப் பந்தய நாளான சனிக்கிழமை மதியத்திலிருந்தே கம்பளிக்காரர்கள் வந்தார்கள். விமானம் ஏறி வந்தார்கள், கேரவன் இழுத்து வந்தார்கள். விவாகரத்தான ஒரு தம்பதி தங்கள் கம்பளியின் இரண்டு ஓரங்களில் வந்து உட்கார்ந்தார்கள். ஐவி ஆரன்ஸ் ஃபிளாஸ்கோடு வந்து கம்பளியின் தன் பாதியில் மட்டும் உட்கார்ந்தார். நீலக் கம்பளிக்குக்கூட எங்கிருந்தோ ஒரு கிழவர் வந்தார். யார் என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. மாலை வெயில் சாய்வதற்குள் மேடு நிறைந்துவிட்டது. கூரண்டிக்காரர்களும் வந்தார்கள். உட்கார இடமில்லாமல் மேட்டின் உச்சியில் வரிசையாக நின்றுகொண்டார்கள்.

இங்கேதான் கிளெனிஸ் எதிர்பாராத சிக்கல் வந்தது. கம்பளிக்காரர்கள் வந்தது பந்தயம் பார்க்க அல்ல, கம்பளியைக் காப்பாற்ற. ஆபத்து மேட்டின் உச்சியில் நின்றது. ஆகவே எல்லோரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, உச்சியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண் கூரண்டிக்காரர்களின் கால்மேலேயே இருந்தது. கூரண்டிக்காரர்கள் அவர்கள் தலைக்கு மேலாகப் பந்தயத்தைப் பார்த்தார்கள்.

ஹார்ட்லி ஸ்வார் கையில் எண்ணும் கருவியோடு மைதானத்தின் நடுப் புல்தரையில் நின்றார். மேட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"கிளெனிஸ், இவங்க எல்லாம் என்ன பாக்கறாங்க?"

"பந்தயம்தான்."

"பந்தயம் இங்க நடக்குது. அவங்க அந்தப் பக்கம்ல பாக்கறாங்க?"

"திரும்புவாங்க ஹார்ட்லி."

"திரும்பட்டும், எண்ணறேன். முதுகை எண்ணிட்டுப் போயி மன்றத்துல நான் என்ன சொல்றது? முகம் தெரியணும்."

மேலே நிற்பவர்களை மட்டும் எண்ணினால் பாதிக்குப் பக்கத்தில்கூட வராது என்பது இருவருக்கும் தெரிந்தது. பந்தயங்கள் ஒவ்வொன்றாக நடந்தன. ஒலிபெருக்கியில் கெஞ்சினார்கள். டாரில் ஒரு வளைவில் ஏறக்குறைய படுத்தபடி மூன்று பேரைத் தாண்டினான்; கூரண்டி கைதட்டியது, மேடு அசையவில்லை. தொடக்கக் கோட்டில் வண்டிகள் உறுமும்போது சிலருடைய கழுத்து லேசாகத் திரும்பியது. உடனே உச்சியில் யாராவது ஒரு காலை மாற்றி வைப்பார்கள், கழுத்து பழைய இடத்துக்குப் போய்விடும்.

இறுதிப் பந்தயம் ஒன்றுதான் பாக்கி. கிளெனிஸ் பந்தயப் பாதைக்குத் தண்ணீர் தெளிக்கும் லாரிக்காரரிடம் போய் வேலியோரமாக இன்னொரு சுற்று நனைக்கச் சொன்னார். இதற்கு மேல் நனைத்தால் களிமண் சேறாகிவிடும் என்றார் அவர். ஆகட்டும் என்றார் கிளெனிஸ். பிறகு வண்டிகள் நிற்கும் கொட்டகைக்குப் போனார். இறுதிக்கு வந்த நால்வரில் டாரிலும் இருந்தான், கிளைவ் என்ற மூத்த ஓட்டக்காரரும் இருந்தார். டாரில் உள்பக்கக் கோட்டை ஒட்டி ஓட்டியே எல்லாவற்றையும் ஜெயித்தவன். கிளைவ் எப்போதும் வேலியோரமாகப் போய், எப்போதும் கடைசியில் வருபவர். முன்னால் வந்த இருவர் விழுந்ததால் இறுதிக்கு வந்தவர்.

"நாலு பேரும் வேலிய ஒட்டியே போங்க" என்றார் கிளெனிஸ். "முதல் வளைவுலேர்ந்து கடைசி வரைக்கும். மேட்டுல ஒருத்தர் பாக்கி இல்லாம மண்ணு விழணும்."

டாரில் ஹெல்மெட்டைக் கழற்றினான். "நாலு பேரும் வெளிய போனா உள்ள யாரு போறது?"

"யாரும் போகக் கூடாது."

"இது இறுதிப் பந்தயம் கிளெனிஸ். என் வருஷம் பூரா இதுக்குத்தான்."

"எனக்கு இந்தப் பந்தயம் முடிஞ்சா வீடு இருக்கணும். உனக்குக் கோப்பை இருக்கணும். நீயே சொல்லு."

டாரில் ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினான்.  கிளைவ் கையுறையை மாட்டிக்கொண்டே, "எனக்கு வேலியோரமும் புதுசில்ல, கடைசில வர்றதும் புதுசில்ல. வாடா போலாம்" என்றார்.

நாடா பறந்தது. நால்வரும் வெளிப்பக்கம் ஒதுங்கினார்கள். உள்பக்கம் ஒரு கல்யாணப் பந்தல் போடும் அளவுக்குக் காலியாகக் கிடந்தது. நான்கு பின்சக்கரங்களும் ஒரே சமயத்தில் வழுக்கித் திரும்பின. ஈரக் களிமண் வேலிக்கு மேலே ஒரு சுவர் மாதிரி எழுந்து, ஒரு நொடி நின்று, மேட்டின்மேல் விழுந்தது.

முதுகுகளில், தொப்பிகளில், தேநீரில் விழுந்தது. முக்கியமாகக் கம்பளிகளில் விழுந்தது.

மேடு மொத்தமாகத் திரும்பியது. ஹார்ட்லியின் கருவி படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கியது. முஷ்டியை உயர்த்திக்கொண்டு எல்லோரும் எழுந்து நின்றபோது இரண்டாவது சுற்று வந்தது. இந்தத் தடவை முகத்தில். ஒருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. செய்தது யார் என்று தெரிந்தாக வேண்டும். மூன்றாவது சுற்றில் ஆளை அடையாளம் கண்டுகொண்டார்கள். நான்காவது சுற்றில் கட்சி பிரிந்துவிட்டார்கள். தன் கம்பளியில் மண் போட்டவன்தான் ஜெயிக்க வேண்டும் என்று ராஸ் கூக்கல் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். உச்சியில் சுத்தமாக நின்ற கூரண்டிக்காரர்கள், டிக்கெட் வாங்கிய தங்கள்மேல் ஒரு துளிகூட விழவில்லையே என்று குறைபட்டு, கம்பளிகளுக்கு நடுவே கிடந்த புல்லில் மட்டும் கால் வைத்து, கயிற்றில் நடப்பவர்கள் போலக் கீழே இறங்கி வந்தார்கள். ஐவி காலியாக இருந்த மறுபாதியைத் தடவிப் பார்த்து, "செஸுக்கு நல்லா விழுந்திருக்கு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் திருப்தியாகச் சொன்னார்.

வேலியோரத்தின் ஒவ்வொரு பள்ளமும் தெரிந்தவர் கிளைவ் ஒருவர்தான். வாழ்நாளில் முதல்முறையாக ஜெயித்தார். கடைசி வளைவில் டாரில் திறந்து கிடந்த உள்பக்கத்தை ஒரு தடவை பார்த்தான். மேட்டிலிருந்த அத்தனை பேரும் அவன் பார்ப்பதைப் பார்த்தார்கள். அவன் வேலியோரத்தை விட்டு விலகவில்லை. அதைப் பற்றி யாராவது இன்று பாராட்டினால் எழுந்து போய்விடுகிறான்.

வண்டிகள் நின்றன. சத்தம் அடங்கியது. மேடு முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. கூரண்டிக்காரர்கள் நடுவில் நிற்பது ஞாபகம் வந்ததும் மறுபடி அவர்கள் கால் பக்கம் திரும்பிக்கொண்டது.

ஹார்ட்லி கருவியைப் பார்த்தார். முதுகுகளைப் பார்த்தார். மறுபடி கருவியைப் பார்த்தார்.

"எண்ணியாச்சில்ல?" என்றார் கிளெனிஸ்.

"எண்ணியாச்சு."

"எவ்வளவு?"

"பாதிக்கு மேல." அவருக்கு அதைச் சொல்வதில் மகிழ்ச்சியில்லை, ஆனால் கண்ணால் பார்த்துவிட்டார். குத்தகைத் தாள் திங்கட்கிழமை வரும் என்றார்.

கிளெனிஸ் அங்கேயே புல்தரையில் சற்று நேரம் உட்கார்ந்தார். அவர் எழுவதற்குள் ராஸ் கூக்கல் கம்பளியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார். தலைமயிரிலிருந்து மண் உதிர்ந்தது. சலவைக்கு யார் பொறுப்பு என்று கேட்பார் என்று கிளெனிஸ் எதிர்பார்த்தார். அவர் அடுத்த சீசன் எப்போது தொடங்கும் என்று கேட்டார்.

"அக்டோபர்ல."

"கூரண்டிக்காரங்க வருவாங்களா?"

"கம்பளி எங்க கிடைக்கும்னு என்கிட்டயே விசாரிச்சுட்டுப் போறாங்க."

ராஸ் மேட்டை ஒரு தடவை பார்த்தார். இனிமேல் தூரத்திலிருந்து சமாளிக்க முடியாது, மெர்வுக்கும் வயதாகிவிட்டது என்றார். ஊரில் வாடகைக்கு வீடு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்.

"எவ்வளவோ கிடக்கு ராஸ். ஊர்ல பாதி காலிதான், எது வேணா எடுத்துக்க" என்றார் கிளெனிஸ். இரண்டாவது வளைவுப் பக்கம் கையைக் காட்டினார். "அந்தத் தகரக் கூரை மட்டும் கிடையாது. அதுல ஆள் இருக்கு."